பாதியாய்ப் போன கடவுச்சொல்

கண்டியில் திருகோணமலை வீதி என்று ஒரு வீதி இருக்கிறது. அங்கே ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில்தான் எனக்கு முதல் வேலை கிடைத்தது. மருந்துகளை மொத்தமாக வாங்கி, மலையகத்துக் கடைகளுக்கும் தோட்ட டிஸ்பென்சரிகளுக்கும் அனுப்பும் நிறுவனம் அது. கணினிப் பிரிவில் நாங்கள் இரண்டே பேர். நான் நாவலப்பிட்டிக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். மற்றவர் யாழ்ப்பாணத்து அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், பதவியிலும் எனக்கு மேலே. யுத்தம் மறுபடி மூண்டு, யாழ்ப்பாணப் பாதை மூடிக் கிடந்த வருடங்கள் அவை. அக்காவின் அம்மாவும் அப்பாவும் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். அங்கே போவதென்றால் திருகோணமலைக்குப் போய்க் கப்பல் ஏறவேண்டும்; அதற்கு அனுமதி கிடைப்பதே அரிது. "திருகோணமலைக்குத்தான் போக ஏலாது. திருகோணமலை வீதியிலையாவது இருந்திட்டுப் போவம்" என்பார்.

எங்கள் வேலை கண்டியில் உட்கார்ந்துகொண்டு வேறு ஊர்களில் இருக்கும் கணினிகளை மேய்ப்பது. நாவலப்பிட்டி, மடுல்கெல்ல, தெல்தோட்டை என்று மூன்று ஊர்களில் எங்களுக்குக் களஞ்சியங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கணினி. தொலைபேசி லைனில் இங்கிருந்து அந்தக் கணினிக்குள் நுழைந்துவிட்டால், கறுப்புத் திரையில் நான் தட்டுகிற கட்டளை அங்கே நடக்கும். தெல்தோட்டையில் மழை பெய்தால் மட்டும் நடக்காது. ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு அது திரையில் தெரிவதற்குள் ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிடலாம். சில நேரம் அந்த எழுத்து வரவே வராது. "உறைஞ்சு போச்சுக்கா" என்பேன். "லைனை வெட்டிப்போட்டுத் திரும்ப எடும்" என்பார் அக்கா, தலையைத் தூக்காமலே.

மாலை ஐந்து மணிக்கு இதையெல்லாம் ஒரு ஸ்கிரிப்ட் தானாகச் செய்தது. கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்தால் ஆள் இல்லாமலே ஓடும் சிறிய நிரல் அது. நான் எழுதியது என்பதால் அதன் மேல் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மூன்று களஞ்சியங்களுக்கும் ஒவ்வொன்றாக அழைப்பெடுத்து, உள்ளே போய், அங்கிருந்த கையிருப்பு மென்பொருளுக்குக் கடவுச்சொல்லைக் கொடுத்து, அன்றைய கணக்கைக் கண்டிக்குக் கொண்டுவரும். எந்த ஊரில் எந்த மருந்து குறைந்திருக்கிறது என்று பார்த்து, அடுத்த நாள் காலையில் லொறி ஏற்றுவார்கள். ஏதாவது பிசகினால் சிறிது நேரம் பொறுத்து மறுபடியும் முயலும். அப்படி விடாமல் முயலும்படி எழுதியதில்தான் எனக்கு அதிகப் பெருமை.

ஒரு வெள்ளிக்கிழமை, கொழும்புத் தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது. இனி எல்லாக் கடவுச்சொல்லிலும் எழுத்து மட்டுமல்ல, ஒரு குறியும் இருக்கவேண்டும். அக்காவுக்கு இப்படியான உத்தரவு என்றால் கொண்டாட்டம். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் ஒரு பூவும் ஒரு பறவையுமாகச் சேர்த்து, நடுவில் ஒரு குறியைப் போட்டார். நாவலப்பிட்டிக்குக் கூட்டல் குறி. மடுல்கெல்லவுக்கு மின்னஞ்சல் முகவரியில் வரும் குறி. தெல்தோட்டைக்குச் செவ்வந்தி, டொலர் குறி, மைனா.

"டொலர் எதுக்குக்கா தெல்தோட்டைக்கு?" என்று கேட்டேன்.

"அங்கை நானா இருக்கிறாரெல்லே, வியாபாரி. அவருக்குப் பொருத்தமாக் கிடக்கட்டும்."

நானா என்றது தெல்தோட்டைக் களஞ்சியப் பொறுப்பாளரை. முஸ்லிம் மனிதர், ஐம்பது வயதிருக்கும்; முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். அதுவரை நாங்கள் அவரை நேரில் பார்த்ததில்லை. தொலைபேசியில் மட்டும் தினமும் பேசுவோம். குரலை வைத்து, அவர் நல்ல உயரமான ஆளாகத்தான் இருப்பார் என்று நான் முடிவுகட்டியிருந்தேன்.

அக்கா மூன்று களஞ்சியங்களின் மென்பொருளிலும் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, என் ஸ்கிரிப்டில் இருந்த பழையவற்றின் இடத்திலும் புதியவற்றை எழுதினார். திங்கட்கிழமை மாலை நாவலப்பிட்டி வந்தது, மடுல்கெல்ல வந்தது, தெல்தோட்டை வரவில்லை.

செவ்வாய் காலை நான் கையாலேயே தெல்தோட்டைக்குள் போய், கடவுச்சொல்லைத் தட்டினேன். ஒரு மறுப்பும் இல்லாமல் கதவு திறந்தது. கணக்கை எடுத்தேன். "லைன்தான் பிழை" என்றேன். மாலையில் ஸ்கிரிப்ட் ஓடியபோது மறுபடியும் தெல்தோட்டை வரவில்லை.

புதன்கிழமை காலை முழுவதும் எங்களுக்குள் சண்டை. நான் லைன் என்றேன். அக்கா நானா எதையோ மாற்றிவிட்டார் என்றார்.

"அவர் ஏன்கா மாத்தப்போறாரு? கையால போனா போகுதே."

"அப்ப உம்மடை ஸ்கிரிப்ட்தான் பிழை."

"ரெண்டு ஊருக்குச் சரியா ஓடுற ஸ்கிரிப்ட் மூணாவது ஊருக்கு மட்டும் எப்படிப் பிழையாகும்?"

"அதைத்தான் நான் உம்மட்டைக் கேக்கிறன்."

ஓட்டிப் பார்ப்பதும், தவறுவதும், ஒருவரை ஒருவர் முறைப்பதும், மறுபடி ஓட்டுவதுமாகக் காலை போயிற்று. ஒவ்வொரு தடவை தவறும்போதும் தெல்தோட்டையில் என்ன நடக்கிறது என்று நாங்கள் யோசிக்கவில்லை. கடவுச்சொல் பிழையென்றால் அந்தக் கையிருப்பு மென்பொருள், "சரியானதைத் தா" என்று கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டே நிற்கும். பதில் சொல்ல இந்தப் பக்கம் மனிதர் யாரும் இல்லை. லைன் வெட்டுப்பட்ட பிறகும் அந்தக் காத்திருப்பு மட்டும் அங்கே கிடக்கும். அந்த மென்பொருளுக்குள் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்குத்தான் இடம். வாசலில் காத்து நிற்பவரையும் அது ஓர் ஆளாகவே எண்ணிக்கொண்டது.

மதியம் நான் பஸ் நிலையத்துக்குப் போனேன். ஊருக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரரிடம் அம்மாவுக்கு ஒரு பார்சல் கொடுக்கவேண்டியிருந்தது. பார்சலைக் கொடுத்துத் திரும்பும்போது கைத்தொலைபேசி அடித்தது. நானா.

"தங்கச்சி, ஒபிஸ் போனுக்கு எவ்வளவு நேரமா எடுக்கிறன், பிஸி பிஸின்டுது!"

அக்கா மடுல்கெல்லக் கணினிக்குள் இருந்தார். அப்படியென்றால் தொலைபேசி லைன் அவரிடம்.

"சொல்லுங்க நானா."

"லுஹர் தொழப் போனன். போற நேரம் புரோகிராமை மூடிட்டுப் போனன். வந்து பாத்தா உள்ளுக்கு வர இடமில்லைன்டுது! இஞ்ச தோட்டத்து டிஸ்பென்சரி ஆக்கள் மூணு பேர் மருந்துக்கு நிக்கிறாங்க. பில் போட ஏலாம ஈக்கிது."

எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. காலை முழுக்க நாங்கள் ஓட்டிய ஸ்கிரிப்டுகள் எல்லாம் அவருடைய வாசலை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. லைன் அடிக்கடி விழுவதால், உறைந்து கிடக்கும் வேலைகளைப் பட்டியலிட்டுப் பார்த்து நிறுத்துவது எப்படி என்று நானாவுக்கு முன்பே சொல்லிக்கொடுத்திருந்தேன். நிறுத்தும் கட்டளைக்குப் பெயர் 'கில்', அதாவது கொல்; நின்றுபோன வேலையை நானா 'மவுத்து' என்பார், மரணம் என்று. கணினிகளில் அது அப்படித்தான்.

சிக்கல் என்னவென்றால், நானாவின் கைத்தொலைபேசிக்குக் களஞ்சியத்தின் வாசலில் மட்டுமே சிக்னல். கணினி உள்ளே மூலையில். நான் சொல்வதை வாசலில் நின்று கேட்டு, உள்ளே ஓடித் தட்டி, மறுபடி வாசலுக்கு ஓடிவந்து விளைவைச் சொல்லவேண்டும். என் பக்கத்திலோ பஸ் நடத்துனர்கள் எல்லோரும் சேர்ந்து ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். ஆகவே இருவருமே கத்தினோம்.

"எத்தனை பேர் நிக்கிறாங்க நானா?"

ஓட்டம். திரும்பி வருதல். மூச்சிரைப்பு. "எட்டுப் பேர்!"

"எட்டுப் பேரையும் கில் பண்ணுங்க!"

"எட்டுப் பேரையுமா?"

"ஆமா, ஒருத்தனையும் விடாதீங்க! எல்லாரையும் கில் பண்ணுங்க!"

மறுபடி ஓட்டம். பிறகு நானாவின் குரல், என் காதைத் தாண்டிப் பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்குமளவுக்கு: "ஏழு பேர் மவுத்து, தங்கச்சி! ஒருத்தன் மட்டும் மவுத்தாகுறானில்ல!"

"அவனுக்கு மைனஸ் நைன் போடுங்க! கில், மைனஸ் நைன்!"

சாதாரணமாகச் சொன்னால் கேட்காத வேலையை வலுக்கட்டாயமாக நிறுத்துவதற்கு அப்படி ஒரு கட்டளை உண்டு. அதைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். என்னைச் சுற்றி ஒரு வட்டம் வெறுமையாக இருந்தது. பக்கத்தில் நின்ற பெண்மணி தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டார். எனக்கு நேர் முன்னால் ஒரு பொலிஸ் சார்ஜன்ட் நின்றார்.

அந்த வருடங்களில் தெருவில் தமிழில் சத்தமாகப் பேசுவதற்கே நாங்கள் யோசிப்போம். அன்று மட்டும் எப்படியோ மறந்துபோய்விட்டேன்.

"நங்கி, யாரைக் கொல்லச் சொல்கிறாய்?" என்று சிங்களத்தில் கேட்டார். நங்கி என்றால் தங்கச்சி. குரலில் அதட்டல் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"ஆட்களை இல்லை சேர். கொம்பியூட்டருக்குள்ளே உள்ள வேலைகளை."

"நைன் என்றாயே. நைன் எம்.எம். பிஸ்டலா?"

அடையாள அட்டையை நீட்டினேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே என் கையிலிருந்த தொலைபேசியிலிருந்து நானா சந்தோஷமாகக் கத்தினார்: "அவனும் மவுத்து! எல்லாரையும் முடிச்சிட்டன்! இன்னும் யாரும் ஈக்கிறாங்களா, தங்கச்சி?"

சார்ஜன்ட் கையை நீட்டித் தொலைபேசியை வாங்கினார். நானாவுக்குச் சிங்களம் தாய்மொழி மாதிரி. பொலிஸ் என்று கேட்டதும் அவர் சொல்லத் தொடங்கியது எனக்கு வெளியிலேயே கேட்டது. மருந்து, டிஸ்பென்சரி ஆட்கள், லுஹர் தொழுகை, சிக்னல், வாசலுக்கும் மூலைக்கும் ஓடியதால் வந்த முழங்கால் வலி என்று ஒன்றையும் விடவில்லை. சார்ஜன்ட் பாதியில் தொலைபேசியைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னிடம் திருப்பித் தந்தார்.

"நீ வேலை செய்கிற இடத்தைக் காட்டு. இந்தக் கொலையை நான் கண்ணால் பார்க்கவேண்டும்."

அவர் பகிடியாகத்தான் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் முன்னால், அவர் பின்னால், வீதி நெடுக எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். மூன்று மாடி ஏறினோம். கதவைத் திறந்ததும் அக்கா நிமிர்ந்தார். பொலிஸ் உடுப்பைக் கண்டதும் அவருடைய முகத்திலிருந்து நிறம் இறங்கிப்போனதைப் பார்த்தேன். யாழ்ப்பாண முகவரியுள்ள அடையாள அட்டையோடு கண்டியில் அறை எடுத்துத் தங்கியிருந்தவருக்கு, கதவில் பொலிஸ் வந்து நிற்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அவர் எழுந்து, கேட்காமலே அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"அக்கா, பயப்படாதீங்க. நான்தான் பஸ் ஸ்டாண்டுல கில் கில்னு கத்திட்டேன்."

"என்னது?"

"நானாவோட கொம்பியூட்டர்ல. காலையில நாம ஓட்டினது எல்லாம் வாசல்ல நின்னு அடைச்சிருச்சு."

அக்கா என்னைப் பார்த்தார். சார்ஜன்டைப் பார்த்தார். "கடவுளே" என்றுவிட்டு, அவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

நான் கணினியின் முன்னால் உட்கார்ந்து, சிங்களத்தில் விளக்கத் தொடங்கினேன். இது ஸ்கிரிப்ட். இது இங்கிருந்து தெல்தோட்டைக்குப் போகும். ஒவ்வொரு வரியும் ஒரு கட்டளை. கில் என்பதும் அப்படி ஒரு கட்டளைதான், ஆளும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. அவர் தலையாட்டினார், ஆனால் முகத்தில் தெளிவில்லை. ஸ்கிரிப்ட் ஓடும்போது திரையில் ஒன்றுமே தெரியாது என்பதுதான் குறை. ஆகவே, ஒவ்வொரு வரியையும் என்ன செய்யப்போகிறது என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டுச் செய்யும்படி அதை ஓட்டினேன். அப்படி ஒரு வழி இருப்பது எனக்கு முன்பே தெரியும். காலை முழுக்கச் சண்டை பிடித்ததில் அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

வரிகள் ஒன்றொன்றாக மேலேறின. "இது போன் எடுக்கிறது சேர். இது உள்ளே போகிறது. இனி மென்பொருளுக்குக் கடவுச்சொல்..."

"ஐயோ, பாஸ்வேர்ட்!" என்று அக்கா பாய்ந்து வந்து இரண்டு கையாலும் திரையை மறைத்தார். தன்னுடைய திக்கும் சிங்களத்தில், "சேர், இது ரகசியம், தயவுசெய்து" என்றார்.

சார்ஜன்ட் உடனே முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு பெண்ணின் அறைக்குள் தவறுதலாக நுழைந்துவிட்டவர் போல அவ்வளவு மரியாதையாகத் திருப்பிக்கொண்டு, எதிர்க் கட்டடத்தின் கூரையைப் பார்த்தபடி இருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் விரல் இடுக்கு வழியாகத் திரையை எட்டிப் பார்த்தேன்.

செவ்வந்தி இருந்தது. மைனாவைக் காணவில்லை.

"அக்கா, கையை எடுங்க!"

"ஏன்?"

"மைனா எங்கக்கா?"

அக்கா குனிந்து பார்த்தார். டொலரும் இல்லை, அதற்குப் பின்னால் இருந்த மைனாவும் இல்லை. ஸ்கிரிப்ட் தெல்தோட்டைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது வெறும் செவ்வந்தியை. இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. ஸ்கிரிப்டில் டொலர் குறிக்கு ஒரு தனி அர்த்தம் உண்டு. 'இதற்குப் பின்னால் வருவது ஒரு பெயர், அந்தப் பெயரில் வைத்திருக்கும் பொருளை எடுத்து இங்கே போடு' என்று அர்த்தம். மைனா என்ற பெயரில் நாங்கள் எதையும் வைத்திருக்கவில்லை. ஆகவே கணினி ஒன்றுமில்லாததை எடுத்து, அந்த இடத்தில் போட்டுவிட்டது. கையால் தட்டும்போது இந்தக் கூத்து இல்லை, தட்டியது தட்டியபடியே போகும். கூட்டல் குறிக்கும் மின்னஞ்சல் குறிக்கும் அப்படி அர்த்தம் எதுவும் இல்லாததால் நாவலப்பிட்டிக்காரர்களும் மடுல்கெல்லக்காரர்களும் தப்பினார்கள்.

"உம்மடை ஸ்கிரிப்டிலை இரட்டை மேற்கோள் போட்டிருக்கிறீர். ஒற்றை மேற்கோள் போட்டிருந்தா டொலரைத் தொடாமல் விட்டிருக்கும்" என்றார் அக்கா.

"நீங்க டொலரைப் போடாம இருந்திருந்தாலும் விட்டிருக்கும்."

"அப்ப பாதிப் பிழை உமக்கு, பாதி எனக்கு."

"செவ்வந்தி எனக்கு. மைனா உங்களுக்கு."

அக்கா சிரிக்கத் தொடங்கினார். முதலில் சின்னதாக, பிறகு மேசையில் கையூன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு. சற்று முன் அவர் முகத்தில் கண்டது எல்லாம் அந்தச் சிரிப்போடு வெளியே போவது போல இருந்தது. நானும் சேர்ந்துகொண்டேன். சார்ஜன்ட் இன்னும் யன்னலைப் பார்த்துக்கொண்டே, "இப்போது திரும்பலாமா?" என்று கேட்டார்.

மேற்கோள் குறியை மாற்றி ஓட்டினோம். தெல்தோட்டையின் கணக்கு வந்து இறங்கியது. சார்ஜன்டுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தோம். அவர் ஒரு தாளில் என் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் எழுதிக்கொண்டார். அக்காவின் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது, மேலோட்டமாகக்கூட அதை அவர் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தேன். வாசலில் நின்று, "நங்கி, அந்த வார்த்தைக்கு வேறு வார்த்தை ஒன்று கண்டுபிடியுங்கள். எல்லோரும் என்னைப் போல மாடி ஏறிவந்து பார்க்கமாட்டார்கள்" என்றார். சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

அன்றே நானாவோடு பேசி முடிவெடுத்தோம். இனித் தொலைபேசியில் கில் என்று சொல்வதில்லை, 'வீட்டுக்கு அனுப்புங்க' என்று சொல்வது. பிறகு அந்த நிறுவனத்தை விட்டுப் போகும்வரை நான் வீதியிலும் பஸ்ஸிலும் நின்று, "மூணு பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டீங்களா? போகமாட்டேன்னு அடம்பிடிக்கிறவனை மைனஸ் நைன் போட்டு அனுப்புங்க" என்று பேசியிருக்கிறேன். கேட்டவர்கள் என்னை ஏதோ தொழிற்சாலை மேற்பார்வையாளர் என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த மாதம் கடவுச்சொல்லை ஸ்கிரிப்டுக்குள் எழுதிவைக்கும் வழக்கத்தையே விட்டோம். கண்டிக் கணினியை மற்றக் கணினிகள் தாமாகவே அடையாளம் கண்டுகொள்ளும் வேறொரு ஒழுங்கைச் செய்தோம். அதை அந்தந்த இடத்தில் இருந்தே செய்வது நல்லது என்றார் அக்கா. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சோதனைச் சாவடிகளுக்குப் பயந்து, கண்டி நகரத்தை விட்டு வெளியே போகவே விரும்பாதவர் அவர்.

கலஹா வழியாகத் தெல்தோட்டைக்குப் போகும் பஸ்ஸில் யன்னல் பக்கம் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த றோட்டாலையே எங்கடை லைன் வருது? அதுதான் வர இவ்வளவு நேரம் எடுக்குது" என்றார்.

நானா என்னைவிடக் குள்ளம். என்னைக் கண்டதும் சிரித்தார், அக்காவைக் கண்டதும் திகைத்தார். "நீங்களா அந்த யாழ்ப்பாணத்து மிஸ்? குரலைக் கேட்டு நா ரிட்டயர் பண்ணப்போற ஆளாக்கும்னு நெனச்சன்!" வீட்டிலிருந்து எங்களுக்குச் சாப்பாடு வந்திருந்தது. அக்கா இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்.

வேலை முடிய ஐந்து மணியாகிவிட்டது. திரும்பிப் போக எழுந்த அக்கா, "கொஞ்சம் பொறும். ஸ்கிரிப்ட் எப்பிடி வருதெண்டு பாப்பம்" என்று உட்கார்ந்துவிட்டார். இத்தனை காலமும் நாங்கள் கண்டியிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்தோம். வந்து சேரும் இடத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. மூன்று பேரும் அந்த மூலையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மோடம் கிரீச்சிட்டது. திரையில் கண்டியின் பெயரோடு ஒரு வரி முளைத்தது. கணக்குப் போயிற்று. வரி மறைந்தது. வாசலில் ஒன்றும் மிச்சமில்லை.

"வந்திட்டுது. எடுத்துக்கொண்டு போட்டுது" என்றார் அக்கா, குழந்தை முதலடி வைத்ததைச் சொல்வது போல.

"வாறதும் போறதுமா ஈக்கிறான். ஒரு ஸலாம் சொல்றானில்ல" என்றார் நானா.

கடைசி பஸ் ஹோர்ன் அடித்தது. நானாவின் மனைவி கொடுத்தனுப்பிய வட்டிலப்ப இனிப்புக் கிண்ணம் கவிழ்ந்துவிடாமல் அக்கா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓட, நான் முன்னால் ஓடி பஸ்ஸை நிறுத்தினேன்.